காலிப்பருக்கு எண்ணெய் போட்டது நான்தான்

தம்பி,

உட்கார்ந்து படி. ஒரு கையில் சாப்பாடும் இன்னொரு கையில் கைப்பேசியுமாகப் படிக்கிற விஷயம் இல்லை இது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிறகு நீ தமிழில் படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும்தான் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். மூன்று தடவையும் மண்டபம், மேளம், சாப்பாடு என்று எதையெதையோ பேசிவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு வைத்துவிட்டேன். வாயால் முடியவில்லை, அதனால் கையால் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காரின் பிரேக் காலிப்பரில் எண்ணெய் போட்டது குணா இல்லை. நான்தான் போட்டேன்.

இதைப் படித்ததும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே மீதியையும் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் அடிக்காதே, எடுக்க மாட்டேன்.

குணா யார் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு மாதமாக நீ அதை மறந்துபோன மாதிரிதான் நடந்துகொள்கிறாய். அவன் அம்மா ராணியும் நானும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவளுக்கு இரவு ஷிப்ட் என்றால் எனக்குப் பகல், எனக்கு இரவு என்றால் அவளுக்குப் பகல். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி நாங்களே அப்படி வாங்கிக்கொண்டோம். உன் அப்பா பாதி நாள் லாரியில், குணாவின் அப்பா அவர்களை விட்டே போய்விட்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் ஏது? கம்பெனி பஸ் நம் இரண்டு வீடும் இருக்கிற தாமான் முனையில் வந்து நிற்கும். ராணி இறங்குவாள், நான் ஏறுவேன். அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் இரண்டு பேரையும் கை மாற்றிக்கொள்வோம். "ரெண்டும் சாப்டாச்சு, ஒன்னு மட்டும் பல்லு வெளக்கல," என்பேன். எந்த ஒன்று என்று சொல்ல மாட்டேன், அவளே வாயை மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பாள். பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். நம் வீட்டில் சாமி மேடை இருக்கிற அந்தச் சின்ன அறையில்தான் காற்றாடி நன்றாகச் சுற்றும் என்று, அங்கேதான் ஒரே மெத்தையில் இரண்டு பேரும் தூங்குவீர்கள். காலையில் விளக்கேற்றப் போனால் நாலு காலைத் தாண்டித்தான் போக வேண்டும், எந்தக் கால் யாருடையது என்று எனக்கே தெரியாது. ராணி போய்ச் சேர்ந்த பிறகு, குணா புக்கிட் செலம்பாவில் சொந்தமாகப் பட்டறை திறந்தான். அன்றைக்கு அவன் அம்மா இடத்தில் நின்று குத்துவிளக்கை ஏற்றியது நான். நீ அவன் தோளில் கை போட்டு நின்ற படம் இன்னும் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பிறகு அந்தக் கார். நீ அதை முதன்முதலில் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது எரிச்சல். பத்து வருஷம் யாரோ ஓட்டிக் கழித்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார், அதற்கு இரண்டே கதவு. "ரெண்டு கதவு காடிய வாங்கிட்டு வந்து நிக்கிறியே, அம்மாவ எங்கடா ஒக்கார வெப்ப, கூரை மேலயா?" என்று கேட்டேன். நீ முன் சீட்டை மடித்து, என்னை வளைத்து நெளித்துப் பின்னால் ஏற்றினாய். முட்டி தாடையில் இடித்தது. கோயில் வாசலில் இறங்குவதற்குள் புடவை கசங்கி, கொண்டை அவிழ்ந்து, இந்த அம்மா சாமி கும்பிட வந்தாளா சண்டை போட வந்தாளா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்தக் காரைத் துடைக்கிறபோது உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ராணியும் நானும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு பொம்மைக் காரை நீயும் குணாவும் முறை வைத்துத் துடைப்பீர்களே, அதே முகம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆயுத பூசை விடுமுறைக்கு நீ கோலாலம்பூரிலிருந்து வந்தாய். சக்கரத்துக்கு உள்ளே இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற அந்தக் காலிப்பர் துருவேறிக் கிடக்கிறது, கழற்றிச் சிவப்பு அடித்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும் என்றாய். குணா தன் பட்டறைக்குக் கூப்பிட்டான். "அங்க வேணாம்டா, வீட்லயே செய்வோம். அம்மா கறி வெக்கிறாங்க," என்று நீதான் அவனை இங்கே வரவழைத்தாய். அவன் சாமான் பெட்டியோடு வந்து இறங்கியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வாசலில் அழுக்காக உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த ஒரு நாளை நான் மணிக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பேன். குணா ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, முன் சக்கரங்களைக் கழற்றி அடுக்கினான். போல்ட்டைத் தளர்த்தியதும் காலிப்பர் கையோடு வந்தது. நீ அதை அப்படியே பிரேக் எண்ணெய் வருகிற ஹோஸில் தொங்கவிடப் போனாய். "டேய் டேய், ஹோஸ்ல தொங்க விடாத! புள்ளைய கழுத்தப் புடிச்சித் தூக்குற மாதிரி இருக்கு," என்று அவன் பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டான். பிறகு ஹோஸைக் கழற்றி முனையை ரப்பர் மூடியால் அடைத்தான். அப்படியும் பிரேக் எண்ணெய் இரண்டு சொட்டு, சக்கரத்துக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் தெறித்துவிட்டது. "தண்ணி, தண்ணி! பெயிண்ட தின்னுரும்லா!" என்று அவன் கத்த, நான் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயை இழுத்துவந்து பீய்ச்சினேன். வண்டி நனைந்ததைவிட நீங்கள் இரண்டு பேரும் நனைந்ததுதான் அதிகம். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினீர்கள், கிளீனர் அடித்துத் துடைத்தீர்கள். பெயிண்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டி மறைக்க வேண்டும் என்றதும் நீ ஒட்டினாய். கருமம், அதையும் பார்த்தேன். மாவு பிசைந்த கையோடு தபால் தலை ஒட்டினது மாதிரி இருந்தது. "நகருடா" என்று உன்னைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பார்த்த கண் இது. பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் ஓரத்தை ஒரு மயிரிழை விலகாமல் ஒட்டிக் கொடுத்தேன். குணா குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க நம்ம பட்டறைக்கு வேலைக்கு வந்துருங்க. இவன் வேணாம், ஒங்கள மட்டும் எடுத்துக்கிறேன்," என்றான். ரிட்டயர் ஆன பிறகு என்னை யாராவது வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மூன்று கோட் அடித்து, காலிப்பர் இரண்டையும் துணி காயப்போடுகிற கம்பியில் உன் அப்பாவின் சாரோங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டீர்கள். அந்தச் சாரோங்கில் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது, எத்தனை துவைத்தும் போகவில்லை.

மறுநாள் காலை ஆயுத பூசை. நீங்கள் இரண்டு பேரும் பசியாற ரொட்டி சானாய் வாங்கக் குணாவின் மோட்டார் சைக்கிளில் போனீர்கள். நான் பூசைக்கு வேண்டியதை எடுத்துவைத்தேன். என் தையல் மெஷின், அருவாமனை, அப்பாவின் ஸ்பேனர், எல்லாவற்றையும் துடைத்து, நல்லெண்ணெய் தொட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிற கத்தியிலிருந்து சைக்கிள் செயின் வரைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். துருப்பிடித்த இரும்பைச் சாமி முன்னால் வைக்கக் கூடாது என்று பழகிய கை. வாசலில் உங்கள் தட்டு இருந்தது, மேலே பேப்பர் மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்ந்து கொடுப்பதற்காக விரல் நீளத்தில் நாலு இரும்புக் குச்சி, பின் என்று சொல்வீர்களே, அது. அதில் ஏதோ வழவழவென்று பிசுக்கு அப்பியிருந்தது. குணா முந்தின நாளே அந்தப் பின்களுக்கென்று இருக்கிற கிரீஸைப் பார்த்துப் பார்த்துத் தடவி வைத்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐயோ, பூசையும் அதுவுமாகப் பிள்ளைகள் இவ்வளவு பிசுக்கோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று நினைத்தேன். பழைய துணியால் நாலையும் சுத்தமாக வழித்துத் துடைத்தேன். விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயை விரலில் தொட்டு, பளபளவென்று பூசினேன். அது உள்ளே போய் உட்காருகிற ரப்பருக்கும் சேர்த்துத்தான் பூசினேன். கும்பிட்டுவிட்டு, இருந்த மாதிரியே பேப்பரால் மூடினேன்.

தொழிற்சாலையில் முதல் நாள் சொல்லித் தந்தது என்ன தெரியுமா? இன்னொருத்தர் தட்டில் இருக்கிறதைத் தொடாதே, தொட்டால் உடனே சொல். இருபத்திரண்டு வருஷம் அதை ஒரு நாள் மீறியதில்லை. என் வீட்டு வாசல், என் பிள்ளைகள், இதில் என்ன கேட்பது என்று இங்கே மீறினேன். நீங்கள் திரும்பி வந்தீர்கள். குணா சிவப்புப் பெயிண்டின் மேல் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்து, "அம்மா காலிப்பருக்கே பொட்டு வெச்சிட்டாங்கடா, இனிமே ஆக்சிடெண்டே ஆவாது," என்று சிரித்தான். பின்களை மாட்டியது நீ. பளபளவென்று இருந்தது, அதுதான் கிரீஸ் என்று நினைத்துக்கொண்டாய். அவன் மறுபக்கம் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தான், பின்னைப் பார்க்கவில்லை. நான் எதையும் மறைக்கவில்லை தம்பி, சத்தியமாக அன்றைக்கு மறைக்கவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. மறைத்தது பிறகுதான்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம். நீ தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு சுங்கை பட்டாணியிலிருந்து வந்துகொண்டிருந்தாய். நிச்சயம் ஆன பிறகு அவள் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிற முதல் நாள் என்று நான் காலையிலிருந்து அடுப்படியில் நின்றேன். நீங்கள் வரவில்லை, அவள் போன்தான் வந்தது. "ஆன்ட்டி, காடிலேர்ந்து பொகை வருது. பயப்படாதீங்க, எறங்கிட்டோம்," என்றாள். பயப்படாதே என்று சொன்ன அந்தக் குரலே நடுங்கியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, முன் சக்கரம் தொடமுடியாத அளவுக்குக் கொதித்தது, நாம் அவ்வளவு ஆசையாக அடித்த சிவப்பு கருகிப் பழுப்பாகிவிட்டது என்று பிறகு நீ சொன்னாய். அந்தப் பக்கத்து மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, யாரோ சமையல் எண்ணெயைப் போட்டிருக்கிறார்கள், அது சூட்டில் பிசினாகி, ரப்பர் உப்பி, பின் இறுகி, பிரேக் பிடித்தது விடவே இல்லை என்றானாம். எண்ணெய் என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததும் தட்டில் இருந்த அந்த நாலு பின்னும் என் கண் முன்னால் வந்தன. அடுத்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நீ குணாவை வீட்டுக்கு வரச் சொன்னாய். அந்தப் பின்னை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாய். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்தாய். "என்னாடா போட்ட இதுல? கிரீஸ் இல்லன்னா இல்லன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! வண்டிக்குள்ள தர்ஷினி இருந்தாடா!" குணா பையைத் திறந்தான். பின்னை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு தலையைத் தூக்கினான். நான் அடுப்படி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைத்தான் பார்த்தான். ஒரு நொடி இருக்கும். பிறகு உன் பக்கம் திரும்பி, "என் தப்புதான் மச்சான். மாத்திப் போட்டுட்டேன் போல. சாரிடா," என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டோடு உள்ளே போனேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், உங்கள் பேச்சு காதில் விழக் கூடாது என்று. நான் வெளியே வந்தபோது அவன் மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டது. என் வீட்டுக்கு வந்து அவன் ஒன்றும் குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஏன் சொல்லவில்லை என்று கேள். நான் உன்னைப் பார்த்துப் பயந்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயந்தேன் என்று எழுத எவ்வளவு அவமானமாக இருக்கிறது தெரியுமா? அதைவிடப் பெரிய பயம், தர்ஷினிக்குத் தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பது. வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை வருவதற்கு முன்னாலேயே கொல்லப் பார்த்த மாமியார்! சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியை அணைத்தார். "விடு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்," என்றார். நம் வீடுகளில் எல்லாவற்றையும் அப்படித்தானே தள்ளிப் போடுகிறோம்? எனக்கும் அது வசதியாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் பழி போடவில்லை, நான் கேட்க ஆசைப்பட்டதைத்தான் அவர் சொன்னார்.

தொழிற்சாலையில் நான் இப்படிப்பட்டவள் இல்லை. ஒரு தடவை இரண்டு தட்டு மாறிப்போய், ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை வீணாகப் போனது. காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் யார் என்று கேட்டார். லைனில் யாருடைய முகத்திலும் ஈயாடவில்லை. நான்தான் கை தூக்கினேன். அங்கே அதற்கு அச்சடித்த ஒரு பாரம் உண்டு. என்ன நடந்தது, எப்போது, யார், ஏன், இனி நடக்காமல் இருக்க என்ன செய்வாய் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நிரப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானம் நிம்மதியாகச் சோறு தின்றேன். "ஒனக்கு என்னா தைரியம்டி," என்று ராணி வாயைப் பிளந்தாள். வீட்டில் அப்படி ஒரு பாரம் இல்லாமல் போய்விட்டது. கைதூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் தூக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டே உன் கல்யாணத்தை நடத்தியிருப்பேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நீ கைப்பேசியில் இருக்கிற அந்தக் கார்க்காரர்கள் குரூப்பில் எழுதிப் போட்டாய். கருகிப்போன காலிப்பரைப் படம் பிடித்து, குணாவின் பெயரைப் போட்டு, பட்டறையின் பெயரையும் போட்டு, இவனிடம் பிரேக் வேலையைக் கொடுக்காதீர்கள், உயிர் போய்விடும் என்று. அதை உன் அப்பாவுக்குப் படித்தும் காட்டினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூன்று நாளைக்கு வேண்டிய பூண்டை உரித்தேன்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்தோம். அடுத்ததை எடுத்து, குணா பேரை நானே எழுதி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்குப் போனேன். உன்னிடம் கேட்கவில்லை. அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "நான் வெளியிலயே நிக்கிறேன்," என்றார். முன்பெல்லாம் அந்தப் பட்டறை வாசலில் கார்கள் ரோடு வரைக்கும் நிற்கும், உனக்கே தெரியும். அன்றைக்கு உள்ளே யாருடையதோ ஒரு மோட்டார் மட்டும் பிரித்துக் கிடந்தது. கார் தூக்குகிற இரண்டு லிஃப்டும் சும்மா நின்றன. குணா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சுத்தமாக இருந்த ஸ்பேனர்களை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா! உள்ள வாங்க, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?" என்று எழுந்து ஓடிவந்தான். நான் தட்டைக் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"குணா, அந்த எண்ணெய நான்தான்டா போட்டேன்."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்படிடா?"

"மோந்து பாத்தேன்ல? ஒங்க வீட்டு சாமி ரூம்பு வாசம். சின்னப் புள்ளைலேர்ந்து அங்க படுத்தவன்மா நானு, எனக்குத் தெரியாதா?"

தட்டை வாங்கி அவனே மேசையில் வைத்தான். "அப்புறம் ஏன்டா நீ சாரி சொன்ன?" என்று கேட்டேன்.

"அன்னிக்கி அவன் இருந்த கோவத்துக்கு, நீங்கன்னு தெரிஞ்சா ஒங்களப் பேசிருவான்மா. பேசிட்டு அப்புறம் அவனே ஒக்காந்து அழுவான். என்னையப் பேசுனா பரவால்லலா, எனக்குப் பழக்கம்தானே," என்றான். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அழுதேன் தம்பி. பட்டறை நடுவில், அந்த கிரீஸ் தரையில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன். ராணி என்னை நம்பிக் கை மாற்றிவிட்டுப் போன பிள்ளை என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறான், நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றவள். அவன் நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தான், பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து மிலோ கொண்டுவரச் சொன்னான். நான் பத்திரிகையை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

"அம்மா, ஒரு விஷயம் சொல்றேன், கோச்சிக்காதீங்க. வீட்ல கத்துனான், அது வேற. நாளைக்கே வந்து 'டேய் சாப்டியா'ன்னு கேப்பான்னு நெனச்சேன். குரூப்புல போடுவான்னு நெனைக்கலமா. கட பேரயும் போட்டுட்டான். ஒரு போன் பண்ணிக் கேட்ருந்தா நான் எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன். இந்தப் பத்திரிகைய நீங்க குடுத்தா நான் வாங்கிக்குவேன், ஒங்க கையத் தட்ட மாட்டேன். ஆனா வர மாட்டேன். அவன் வந்து குடுக்கட்டும்."

நான் அவனை வற்புறுத்தவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. வெற்றிலை பாக்கை அங்கேயே வைத்துவிட்டு, பத்திரிகையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, "எழுது, அவனுக்கு இன்னிக்கே எழுது," என்றார்.

நீ குடும்பஸ்தன் ஆகப் போகிறாய். தர்ஷினியோடு இருக்கப் போகிற வீட்டிலும் ஏதாவது உடையும், கருகும், புகையும். அப்போது யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால், உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேள். உன் கோபத்தைப் பார்த்து வீட்டில் இருக்கிறவர்கள் உண்மையை ஒளித்து வைக்கிற மாதிரி ஆகிவிட்டால், பிறகு உன்னிடம் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், உண்மையாக இருக்க மாட்டார்கள். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த மூக்கு நுனிக் கோபம் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான் வந்தது. நீ சின்னவனாக இருந்தபோது ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததற்கு நான் போட்ட சத்தத்தில் நீயும் குணாவும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டீர்கள். நான் குனிந்து பார்த்தபோது, நான்தான் உடைத்தேன் நான்தான் உடைத்தேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதீர்கள். யார் உடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தர்ஷினியிடமும் நானே பேசுவேன், நீ முந்திக்கொண்டு எனக்காக வக்காலத்து வாங்காதே. வண்டிக்குள் இருந்தது அவள். திட்டினாலும் கேட்டுக்கொள்வேன்.

குணாவின் பத்திரிகை இதே உறைக்குள் இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். இந்தச் சனிக்கிழமை வா. நேராக வீட்டுக்கு வராதே, புக்கிட் செலம்பாவுக்குப் போ. அவன் கதவை அடைத்தால் வாசலில் நில். அவன் கோபம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை, ஆனால் இந்தத் தடவை அவன் கோபப்பட்டால் அதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. மாப்பிள்ளைத் தோழனாக உன் பக்கத்தில் வேறு யாரையாவது நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. அதன் பிறகு வீட்டுக்கு வந்து என்னை என்ன வேண்டுமானாலும் பேசு.

ஆனால் புறப்படுவதற்கு முன்னால், இன்றைக்கே ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அவன் பேரைக் கெடுத்த அதே குரூப்பில் போடு. பாதியை வெட்டாதே, அம்மா அழுததை மறைக்கிறேன் என்று அந்த இடத்தைத் தள்ளாதே. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே மலாயில் எழுது, எண்ணெய் போட்டது என் அம்மா, குணாவின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று. முன்பின் தெரியாத பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள். மணவறை ஓரத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் நிற்கும்போது, அதோ பார், அந்த அம்மாதான் என்று கை காட்டுவார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. போடு.

அம்மா